கால்மன் என்றால் நல்ல பெயர்

எங்கள் கொசோவ்கா ஊர் யூதர்கள் லேசில் சத்தியம் செய்ய மாட்டார்கள். கடவுளின் பெயரை வீணாக இழுப்பது பாவம் என்பது ஒரு காரணம். பொய் சொல்ல வேண்டிய அவசரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், தாடியில் கை வைத்து, செத்துப்போன அப்பா அம்மாவைச் சாட்சிக்கு அழைத்து, தலைமுறை தலைமுறையாகச் சத்தியம் செய்யலாம்: கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகப்படுகிறவர்கள், எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்துவைத்த ரெப் நப்தலியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கலாம். (ரெப் என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'.) பிறந்த ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், நாளையும், தகப்பன் பெயரையும் அவர் அதில் எழுதிவைப்பார். நாற்பது வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவர் விட்டதில்லை.

பெரும் பனி விழுந்த வருஷம் அது. தெருவில் எதிரே வருகிறவரின் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும். தொப்பிக்கு வணக்கம் சொல்வோம். பதில் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.

அந்தப் பனியிலும் விடிவதற்கு முன்பே எழுந்து, மரச் சுத்தியலால் வீடு வீடாக ஜன்னலைத் தட்டி ஊரை ஜெபத்துக்கு எழுப்புவது கெட்ஸலின் வேலை. ஜெபஆலயத்தின் பணியாள் அவர். வயது அறுபத்தொன்று. விறகு பிளப்பதும், அடுப்பை மூட்டுவதும், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும், பாடகருக்குத் தொண்டை கட்டினால் அவர் இடத்தில் நின்று ஜெபம் சொல்வதும் அவர்தான். இவ்வளவும் செய்கிறவருக்கு அந்த ஆலயத்தில் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்று: உட்கார ஒரு சூடான இடம்.

இடம் இல்லாமல் இல்லை. ஓடு பதித்த அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை இருந்தது. ஒரு ஆள் உட்காரலாம். முதுகு அடுப்பில் படும், கால் நீட்டலாம், சாய்ந்து தூங்கினாலும் ஜெபம் செய்வது போலவே இருக்கும். அந்தப் பலகை நாற்பது வருஷமாக ரெப் கால்மனுடையது.

ரெப் கால்மனுக்கு எண்பத்துமூன்று வயது. வாத்து இறகு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் விற்ற தலையணையில்தான் தூங்கினார்கள். இறகு அவ்வளவு புதிது, நடு ஜாமத்தில் தலையணை கத்தும் என்று மீதிப் பேர் சொல்வார்கள். பகலெல்லாம் அவர் அந்தப் பலகையில்தான் இருப்பார். கெட்ஸல் விறகோடு உள்ளே வரும்போதெல்லாம் எதையாவது சொல்வார்.

"கெட்ஸல், இன்னிக்கு அடுப்பு உன் மூஞ்சி மாதிரியே இருக்குடா. பொகை வருது, சூடு வரல."

கெட்ஸல் பதில் சொன்னதில்லை. பெரியவர், என்ன சொல்வது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில், கை விரல்கள் மரத்துப்போய், கத்தை விறகைக் கீழே போடும்போது, அவர் மனசுக்குள் ஒரு வரி ஓடியது: *இந்தக் கிழம் எப்பதான் போகுமோ, அந்தப் பலகை எப்பதான் காலியாகுமோ.* சொல்லவில்லை. நினைத்தார். நினைத்துவிட்டு விறகை அடுக்கினார்.

அன்று காலை ஜெபம் முடிந்ததும் ஒரு விருத்தசேதனம், அதோடு பெயர் வைப்பும். ரொட்டி சுடுகிற லெய்புஷுக்கும் ரெப் கால்மனின் பேத்தி பிரைன்டலுக்கும், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. பெயரைப் பற்றி யோசிக்க ஒன்றுமே இல்லை. லெய்புஷின் அப்பா ஸால்மன் போன இலையுதிர் காலத்தில்தான் தவறிப்போயிருந்தார். எங்களில் பிள்ளைக்கு இறந்தவர் பெயரைத்தான் வைப்போம். அதுவரை அந்த ஆத்மா மேலே வாசலில் நின்றுகொண்டிருக்கும். உயிரோடு இருக்கிறவர் பெயரை மட்டும் வைக்க மாட்டோம். வைத்தால், 'நீங்கள் கிளம்பலாம், ஆள் வந்தாயிற்று' என்று அவரிடம் சொல்கிற மாதிரி. மரண தூதனும் ஒரு வீட்டில் ஒரு பெயருக்கு ஒரு ஆள் போதும் என்று பெரியவரை அழைத்துப் போய்விடுவான். குழம்பிப்போய்க் குழந்தையைத் தூக்கினாலும் தூக்குவான். அவனுக்கு உடம்பெல்லாம் கண். படிப்புதான் கொஞ்சம் கம்மி.

பாடகர் அதற்கு முந்தின நாள் புளித்த பாலைக் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அதனால் திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் பிடித்து ஆசீர்வாதம் சொல்ல வேண்டியவர் கெட்ஸல். குழந்தையை மடியில் வைத்திருக்கும் கௌரவம், பிரைன்டலின் தாத்தா என்பதால், ரெப் கால்மனுக்கு. அதற்காகவாவது மனிதர் எழுந்து நடுவே வந்து உட்கார்ந்தாரா என்றால் இல்லை. 'குழந்தைக்குக் குளிரும்' என்று தன் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ரெப் நப்தலி தன் வேலையை முடித்தார். குழந்தை அழுது ஓய்ந்தது. லெய்புஷ் குனிந்து கெட்ஸலின் காதில் பெயரைச் சொன்னான்.

"ஸால்மன்."

லெய்புஷுக்கு அன்று பல்வலி. கன்னத்தில் கிராம்பை அடக்கியிருந்தான். இருந்தும் தெளிவாகத்தான் சொன்னான். கெட்ஸலுக்குத் தெளிவாகத்தான் கேட்டது. அதே நேரம் அவர் பார்வை கிண்ணத்துக்கு மேலே போய் அந்தப் பலகையில் நின்றது. அங்கே ரெப் கால்மன் குழந்தையோடு கால் நீட்டி, முதுகைச் சூட்டில் உரசிக்கொண்டிருந்தார்.

"இஸ்ரவேலில் இவன் பெயர்," என்று கெட்ஸல் ஆலயம் முழுக்கக் கேட்கும்படி ராகத்தோடு இழுத்தார், "லெய்புஷின் மகன் கால்மன் என்று வழங்கப்படுவதாக."

பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. சாராயமும் பாதி வழியில் நின்றது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மேலே பெண்கள் மாடத்தில் தேன் கேக்குத் தட்டு விழுந்து உருண்டது. ரெப் கால்மன் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்தது.

"அப்படியா," என்றார் ரெப் கால்மன். "சரிதான். சுத்தி வளைக்காம மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க. நல்லது."

குழந்தையை லெய்புஷிடம் கொடுத்தார். மேலங்கியை மாட்டினார். பனிக்குள் போனார். தொப்பி மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

எல்லோரும் கெட்ஸல் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன மனுஷா சொன்னீங்க?" என்றார் ரெப் நப்தலி.

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். கெட்ஸலும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"காது கொஞ்ச நாளாவே சரியில்ல, ரெப் நப்தலி. இவன் வேற வாயில எதையோ வெச்சுக்கிட்டு முணுமுணுத்தான். எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

லெய்புஷ் வாயிலிருந்து கிராம்பை எடுத்துப் பார்த்தான். தப்பெல்லாம் அதனுடையது போல.

அந்த நிமிஷத்திலிருந்து கெட்ஸல் ஊருக்குச் செவிடர் ஆனார். ஆக வேண்டியிருந்தது. கூப்பிட்டால் திரும்பக் கூடாது. நாய் குரைத்தால் திடுக்கிடக் கூடாது. எல்லோரும் அவர் காதருகே வந்து கத்தினார்கள். கத்தி முடித்ததும், அவர் முன்னாலேயே, சாதாரணக் குரலில் மனசில் இருப்பதையெல்லாம் பேசினார்கள். ஒரு மனிதன் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடாததையெல்லாம் நான்கே நாளில் அவர் தெரிந்துகொண்டார்.

மனைவி ஹென்யா நடந்துகொண்டதுதான் தாங்க முடியவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் ஒரே நாளில் மாறிப்போனாள். பூண்டைத் தட்டி வாத்துக் கொழுப்பில் காய்ச்சி, காதில் விட்டு, பஞ்சை அடைத்தாள்.

"இத்தன வருஷமா நான் சொன்ன எதையும் இந்த மனுஷன் செஞ்சதே இல்லடி," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் தலைக்கு மேலாகச் சொன்னாள். "திமிருன்னு நெனச்சேன். பாவம், காது கேட்கலயாம். எவ்வளவு பேசியிருக்கேன் நான். என் வாயில புழு வைக்க."

சொல்லிவிட்டுத் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். கெட்ஸல் சூப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பூண்டு எண்ணெய் கழுத்து வழியாக இறங்கியது.

ஊர் இன்னொன்றையும் பேசியது. தண்ணீர்த் துறையில், இரண்டு பேர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள்.

"கெட்ஸல் செவிடன், சரி. லெய்புஷ் ஏன்யா அப்பவே மறுத்துச் சொல்லல?"

"ஏன் சொல்லுவான்? கிழவனோட பரண்ல பன்னெண்டு இறகு மெத்தை இருக்கு. கிழவன் போனா யாருக்கு? பேத்திக்கு. பல்வலியாம் பல்வலி."

"கிராம்ப வாயில வெச்சுக்கிட்டு ஒரு கொலை. நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல."

லெய்புஷிடம் ரொட்டி வாங்குவதை ஊர் நிறுத்தியது. அடுத்த கிராமத்திலிருந்து வந்த ரொட்டியைத் தின்றார்கள். அது எவ்வளவு கெட்டி என்றால், வண்டிக்காரர் ஒருவர் அதில் நான்கை எடுத்துக் குதிரைக்கு லாடம் அடித்தார்; வசந்தம் வரை தேயவில்லை. பிரைன்டல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷனோடு பேச்சு இல்லை. செத்துப்போன ஸால்மனுக்கோ பெயர் கிடைக்கவில்லை; அவர் இன்னும் வாசலில் நின்றார்.

ரெப் கால்மன் செத்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக, முறைப்படி. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தார். பெட்டியிலிருந்து பிரேத வஸ்திரத்தை எடுக்கச் சொன்னார். போட்டுப் பார்த்தார், தோளில் இறுக்கியது, தையல்காரரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து வெந்நீர் மட்டும். ஐந்தாம் நாள் குரல் ஊசி நூல் மாதிரி ஆனது. பட்டணத்திலிருந்து வந்த மருத்துவர் நாடி பார்த்து, நாக்கு பார்த்து, முட்டியில் தட்டிப் பார்த்தார்.

"இவருக்கு ஒரு நோயும் இல்ல," என்றார். "சாகுறாரு. அவ்வளவுதான்."

பலகை காலியாக இருந்தது. மரியாதைக்காக யாரும் அதில் உட்காரவில்லை. முதல் நாள் பகலில், ஆலயத்தில் யாரும் இல்லாத நேரம், கெட்ஸல் உட்கார்ந்து பார்த்தார். நாற்பது வருஷ ஆசை. பிர்ச் விறகு உள்ளே திகுதிகுவென்று எரிந்தது. ஆனால் அடுப்பிலிருந்து வந்தது குளிர். ஓட்டில் முதுகு பட்டதும் சட்டை உறைந்து ஒட்டிக்கொண்டது, உரித்துத்தான் எழுந்தார். மறுநாள் அடுப்பின் வாயைச் சுற்றிப் பனிப்பூ பூத்திருந்தது. உள்ளே நெருப்பு, வெளியே பனிப்பூ. துடைத்தார். மறுபடி பூத்தது.

ஏழாம் நாள் மத்தியானம் லெய்புஷ் ஆலயத்துக்கு வந்தான். விற்காத ரொட்டி ஒன்று கக்கத்தில். விறகு அடுக்கிக்கொண்டிருந்த கெட்ஸலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். கத்தவில்லை. செவிடரிடம் பேசுவது சுவரிடம் பேசுவது போல, அதற்காகத்தான் வந்திருந்தான்.

"ரெப் கெட்ஸல், உங்களுக்குக் கேக்காது. கேக்கலன்னாதான் சொல்ல முடியும். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. வயசான மனுஷன், காது போச்சு, என்ன பண்ணுவீங்க. தப்பு என்னோடது. கிராம்பத் துப்பிட்டுச் சொல்லியிருக்கணும். எங்கப்பா பேரு. ஒரு தடவ வாயத் தொறந்து சத்தமா சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனம். இப்ப அந்தப் பெரியவர நான் கொன்னுட்டேன்." கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தான். "ஊரு பேசுறதுகூடப் பரவால்ல. பிரைன்டலும் நம்புறா."

ரொட்டியை கெட்ஸல் கையில் வைத்தான். காதருகே குனிந்து, "சாப்பிடுங்க, புதுசு," என்று கத்திவிட்டுப் போனான்.

ரொட்டி சூடாக இருந்தது. அந்த வாரம் முழுக்க கெட்ஸலின் கையில் சூடாகப் பட்டது அது ஒன்றுதான். சாப்பிட முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ரப்பி மெஷுலமின் வீட்டுக்குப் போனார்.

உண்மையைச் சொல்லத்தான் போனார் என்று எழுத ஆசை. இல்லை. வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஸால்மன், கால்மன், முன்னால் ஒரு எழுத்துதானே வித்தியாசம். வேர் இரண்டுக்கும் ஒன்றாக இருந்துவிட்டால்? ஒரே பெயரின் இரண்டு வேஷம் என்றால்? அப்புறம் யாரும் எதையும் தப்பாகச் சொல்லவில்லை. யாரும் சாக வேண்டாம். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

விவாகரத்துப் பத்திரத்தில் பெயரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் பத்திரம் செல்லாது. அதனால் ரப்பி மெஷுலமிடம் பெயர்களுக்கென்றே தடியான புத்தகம் ஒன்று இருந்தது. கெட்ஸல் செவிடர்கள் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டார். ரப்பியும் உரக்கவே பதில் சொன்னார்.

"ஸால்மன் சாலொமோன் ராஜா பேரு. ஷ்லோமோ. சமாதானம்னு அர்த்தம். வாய்க்கு வாய் தேஞ்சு ஸால்மன் ஆச்சு."

"கால்மனும் அதுதானே?" என்றார் கெட்ஸல்.

"இல்ல." ரப்பி பக்கத்தைப் புரட்டினார். "அது நம்ம பாஷையே கெடையாது. கிரேக்கம். கலோனிமோஸ். நம்ம ஆளுங்க இத்தாலிப் பக்கம் இருந்தப்ப, அந்தப் பேரு பிடிச்சுப்போய்ப் பிள்ளைகளுக்கு வெச்சாங்க. பெரிய பெரிய ரப்பிமார் அந்தப் பேரோட ஆல்ப்ஸ் மலையத் தாண்டி ரைன் நதிக்கு வந்தாங்க. அங்கேர்ந்து கெழக்க, இங்க. ஒவ்வொரு ஆத்தத் தாண்டுறப்பவும் ஒரு எழுத்து தண்ணியில விழுந்துடுச்சு. கரையேறினது இவ்வளவுதான். கால்மன்."

"அப்ப, அதுக்கு என்ன அர்த்தம்?"

ரப்பி புத்தகத்தை மூடினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்ல பேரு."

"வெறும் நல்ல பேருதானா?"

"கலோன்னா நல்ல. ஓனிமான்னா பேரு." குரல் இன்னும் இறங்கியது, அதை அவர் தாடிதான் கேட்டிருக்க வேண்டும். "கெட்ஸல், அந்தக் கதவச் சாத்திட்டு வா. குளிர் வருது."

கெட்ஸல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ரப்பி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தன நாளா காது கேக்குது?"

"பொறந்ததுலேர்ந்து, ரப்பி."

"லெய்புஷ் என்ன சொன்னான்?"

"ஸால்மன்னு சொன்னான்."

அப்புறம் எல்லாம் வந்தது. விறகு, மரத்துப்போன விரல், பலகை, மனசுக்குள் ஓடிய வரி. ரப்பி கேட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி கெட்ஸலின் கக்கத்தில் இன்னும் சூடாக இருந்தது.

"கிரேக்கத்துக்குப் புஸ்தகம் இருக்கு," என்றார் ரப்பி கடைசியில். "இதுக்கு என்கிட்ட புஸ்தகம் இல்ல. ஒருத்தர் பேர எடுத்து மரண தூதனுக்கு எழுதிப் போட்ட மாதிரி ஆச்சு. போதாதுன்னு, ஒரு பாவமும் அறியாத இன்னொருத்தனுக்குக் கெட்ட பேரும் வாங்கிக் கொடுத்துட்ட. உன் பேரு மட்டும் பத்திரமா இருக்கு. எங்க போய்ச் சொல்லணும்னு நான் வேற சொல்லணுமா?"

ரெப் கால்மனின் அறையில் நாற்காலி மேல் வெள்ளை வஸ்திரம் கிடந்தது. தோளில் தையல்காரரின் சுண்ணாம்புக் கோடு. பிரைன்டல் பிள்ளைக்குப் பால் கொடுக்க அடுக்களைப் பக்கம் போயிருந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன முதுகு.

"யாரது?" ஊசி நூல் குரல்.

"கெட்ஸல்."

"நான் கத்த முடியாதுடா. மூச்சு இல்ல."

"கத்த வேணாம். மெதுவாவே பேசுங்க. கேக்கும்."

முதுகு அசையவில்லை. கெட்ஸல் நின்றுகொண்டே சொன்னார். உட்காரத் தைரியம் இல்லை. லெய்புஷ் தெளிவாகச் சொன்னான் என்று சொன்னார். தனக்குத் தெளிவாகக் கேட்டது என்று சொன்னார். அன்று காலை விறகைப் போடும்போது என்ன நினைத்தார் என்பதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதையும், எந்தச் சொற்களில் நினைத்தாரோ அதே சொற்களில், கிழம் என்பதையும் விடாமல், சொன்னார்.

போய்விட்டாரோ என்று கெட்ஸல் குனிந்து மூச்சைப் பார்த்தார்.

"அப்ப," என்றது முதுகு, "மேலேர்ந்து யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல."

"பரலோகம் உன் வாயால பேசிச்சுன்னு நெனச்சேன். வேற ஆளு கெடைக்காம உன்னப் புடிச்சுதுன்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் கொஞ்சம் இடிச்சுது. அப்புறம் சரின்னு ஒத்துக்கிட்டேன். ஏழு நாளா சமாதானமா இருக்கேன்." கட்டில் கிரீச்சிட்டது. ரெப் கால்மன் இந்தப் பக்கம் திரும்பினார். "ஒரு பலகைக்காகவாடா?"

"ஒரு பலகைக்காக."

"எவ்வளவு அகலம் இருக்கும் அது?"

"ஒன்றரை முழம்."

"ஒன்றரை முழம்," என்றார் ரெப் கால்மன். இரண்டு கையையும் நீட்டிக் காற்றில் அளந்து பார்த்தார். அப்புறம் எழுந்து உட்கார்ந்தார். "கடவுள் கூப்பிட்டா போகலாம். அது ஒரு மரியாதை. கெட்ஸல் உட்கார்ற எடம் சூடா இருக்கணும்னு வந்தேன்னு மேல போய் எப்படிடா சொல்லுவேன்? என் பொண்டாட்டி அங்க இருக்கா. சிரிப்பா. இருபது வருஷமா சிரிக்கறதுக்கு ஒண்ணும் கெடைக்காம உட்கார்ந்திருக்கா." அடுக்களைப் பக்கம் திரும்பினார். "பிரைன்டல், சூப் இருக்கா? கோழியோட கொண்டா. காலு எனக்கு."

கெட்ஸல் அழுதார். மன்னிப்புக் கேட்டார்.

"மாட்டேன்," என்றார் ரெப் கால்மன். "மன்னிச்சா நீ நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவ. மொதல்ல அந்தப் பையனோட பேரச் சுத்தம் பண்ணு. மத்தத அப்புறம் பாக்கலாம்."

"உங்க பேருக்கு நல்ல பேருன்னு அர்த்தமாம்," என்றார் கெட்ஸல், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். "ரப்பி சொன்னாரு. கிரேக்கமாம்."

ரெப் கால்மன் யோசித்தார். "எண்பத்துமூணு வருஷமா அந்தப் பேர வெச்சுக்கிட்டு, நல்ல பேரு எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு," என்றார்.

எங்கள் ஆலயத்தில் யாருக்காவது நியாயம் கிடைக்கவில்லை என்றால், ஓய்வுநாளில், வேதச் சுருளை வாசிக்கிற நேரம் மேசையைத் தட்டி வாசிப்பை நிறுத்தலாம். தங்களுக்காக நிறுத்துவார்கள். தனக்கு எதிராக நிறுத்தியவர் அதுவரை யாரும் இல்லை. அந்த ஓய்வுநாளில் கெட்ஸல் மூன்று முறை மேசையைத் தட்டினார். காதிலிருந்து பஞ்சை எடுத்து மேசை மேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஆலயத்தில் பூண்டு வாசனை வந்தது.

முதல் குரல் பெண்கள் மாடத்திலிருந்து. ஹென்யா.

"அப்ப முப்பத்தஞ்சு வருஷமா நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் கெட்ஸல்.

அவள் அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

வெளியே வரும்போது லெய்புஷ் பக்கத்தில் நடந்தான்.

"அப்ப அன்னிக்கு விறகுகிட்ட உட்கார்ந்து நான் சொன்னதும் கேட்டுச்சா, ரெப் கெட்ஸல்?"

"கேட்டுச்சுப்பா. ஒவ்வொரு சொல்லும்."

லெய்புஷ் தொப்பியைச் சரிசெய்தான். "நல்லதாப் போச்சு," என்றான். "ரெண்டாவது தடவ சொல்ல வேண்டாம்."

அவன் திட்டியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். அதற்கு அப்புறம் வாழ்நாள் பூராவும் லெய்புஷின் கடையைத் தாண்டும்போதெல்லாம் கெட்ஸல் தெருவின் மறுபக்கம் போய் நடப்பார். லெய்புஷ் அந்தப் பக்கம் வந்து ரொட்டியைக் கொடுப்பான்.

பிள்ளைக்கு ரப்பி இன்னொரு பெயரையும் சேர்த்தார்: ஸால்மன் கலோனிமோஸ். வாசலில் நின்ற தாத்தா உள்ளே போனார். நல்ல பெயரும், ஆற்றில் விழுந்த எழுத்துகளோடு முழுசாகத் திரும்பி வந்தது. இந்த வீட்டில் இரண்டு கால்மன் இருக்கிறார்கள் என்று இனி மரண தூதனால் சொல்ல முடியாது, அவனுக்குக் கிரேக்கம் தெரியாது. பிரைன்டல் பிள்ளையோடு வீடு திரும்பினாள். ஊர் மறுபடி லெய்புஷின் ரொட்டியைத் தின்றது.

ரெப் கால்மன் பலகைக்கு வந்தார். அடுப்பு அன்றே சூடானது. கெட்ஸல் விறகைப் போட்டுவிட்டு நகரும்போது, அவர் சுவரோரம் ஒதுங்கி, பலகையில் பாதியைக் கையால் தட்டினார்.

"உட்காரு."

"வேணாம், ரெப் கால்மன்."

"உட்காருடா. இதுதான் தண்டனை. முக்கால் முழம் உனக்கு, முக்கால் முழம் எனக்கு. நான் இருக்கற வரைக்கும்."

கெட்ஸல் உட்கார்ந்தார். முதுகில் சூடு நன்றாகப் பட்டது. தினமும் பட்டது. ஒரு நாள்கூட அது உள்ளே இறங்கவில்லை. பெரியவரின் தோள் தன் தோளில் உரசும்போதெல்லாம், அந்தத் தோளுக்கு அளவெடுத்துப் போட்ட சுண்ணாம்புக் கோடு கண்ணுக்குள் வந்தது.

ரெப் கால்மன் நூற்றேழு வயது வரை இருந்தார். அதற்குள் மரண தூதன் மூன்று முறை கொசோவ்காவுக்கு வந்தான். மூன்று முறையும் மரியாதையாக ஆலயக் கதவைத் தட்டி, வாசலில் நின்ற பணியாளிடம், "இங்கே கால்மன் என்பவர் யார்?" என்று கேட்டான். மூன்று முறையும் கெட்ஸல் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, "என்னது? சத்தமா சொல்லுங்க," என்றார். அவன் கத்திப் பார்த்தான். தொண்டை கட்டிக்கொண்டு போனான். நான்காம் முறை வந்தபோது அவன் யார் பெயரையும் கேட்கவில்லை, கெட்ஸலையே அழைத்துக்கொண்டு போனான். அன்று காலை பலகையின் முழு ஒன்றரை முழமும் ரெப் கால்மனுக்குக் கிடைத்தது. அவர் பழைய பாதியிலேயே ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

ரெப் நப்தலியின் நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. பெரும் பனி விழுந்த வருஷத்தில் கொசோவ்காவில் பதினோரு குழந்தைகள் பிறந்தன, பதினொன்றும் பெண் என்று அதில் எழுதியிருக்கிறது.